பூஜ்யம் பிடிக்கும் நாட்கள்

"தேசம்மா அக்காவுக்கு வலது கையில புதுசா பச்சை குத்தணும் சார். குத்தி முடிச்சதும் இருபத்தொரு நாள் கெஸ்ட் ஹவுஸ்ல படுக்க வைக்கணும். சம்பளத்தோட லீவு."

சொல்லிவிட்டேன். பச்சை ஆறுவதற்கு லீவு என்ற பேச்சு மட்டும் என் வாயிலிருந்து வரக் கூடாது என்று இந்தத் தொழிற்சாலையில் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். நந்தகோபால் சார், ஆட்கள் பிரிவுக்குத் தலைவர். அன்று தோளில் தட்டிச் சொன்னார்: "அந்தக் கதவை நீயே மூடினே ஜீவிதா. நீயே வந்து தட்டக் கூடாது."

இன்று தட்டுகிறேன்.

"உக்காரும்மா."

"நிக்கிறேன் சார்."

"சரி, நில்லு. யாரு இந்த தேசம்மா?"

"பூச்சு லைன், பி ஷிஃப்ட். நாப்பத்தொரு வயசு. போன மாசம் லைன்ல விழுந்தாங்களே, அவங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்குத் திரும்ப வேலைக்கு வராங்க. வந்தா திரும்பவும் விழுவாங்க. இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டாங்க."

"அவங்க மை என்ன சொல்லுது?"

"சீர்."

"அப்புறம் என்ன?"

"விழுந்த நிமிஷம்கூட சீர்னுதான் சொல்லுச்சு."

ஓரத்து நாற்காலியில் இருந்த டாக்டர் பெனிட்டா கையிலிருந்த கைக்கணினியைக் கீழே வைத்தார். தொழிற்சாலையின் மருத்துவ அதிகாரி அவர். பேசாமல் இருப்பது அவருக்கு நன்றாக வரும்.

மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இடது முன்கையின் உட்பக்கம், நான்கு விரல் அகலத்துக்கு ஒரு சதுரம். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ சின்னதாகக் கோலம் போட்டது மாதிரி இருக்கும். அந்த மை நாடி பார்க்கும், உடம்பின் உப்பைப் பார்க்கும், சூட்டைப் பார்க்கும். ஒவ்வொரு கதவிலும் அதைப் படிக்க ஒரு கண்ணாடி. கையைக் காட்டினால் 'சீர்' என்று வரும், கதவு திறக்கும். 'சோர்வு' என்று வந்தால் திறக்காது, அரை மணி நேரம் உட்கார வேண்டும். 'அபாயம்' என்று வந்தால் ஆம்புலன்ஸ். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்ததே இந்த மையை நம்பித்தான். மனுஷன் மிகைப்படுத்துவான், மை மிகைப்படுத்தாது என்றார்கள். செய்யாறு பக்கத்தில் பேட்டரி செய்யும் எங்கள் ஆலையில் எண்ணூறு பெண்கள் இந்தச் சதுரத்தோடு நிற்கிறார்கள்.

அவர்கள் கையில் மை நன்றாக ஆறுகிறதா என்று பார்ப்பது என் வேலை. நுண்ணுயிரியல் படித்தேன். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறார், அம்மா அதே மண்டியில் கூட்டிப் பெருக்குகிறாள். பட்டம் வாங்கி வந்தபோது அது எதற்கு உதவும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. 'பச்சை பராமரிப்பு உதவியாளர்' என்று வேலை கிடைத்தபோது, குளிர்சாதனம் இருக்கிற ரூமில் உட்காரப் போகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

புதிதாகக் குத்திக்கொண்ட பெண்களைக் கூடத்தில் உட்கார வைத்து நான் பாடம் எடுப்பேன். தேசம்மா அக்கா எனக்குப் பழக்கமானது அந்தக் கூடத்தில்தான். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து என்னைப் பேசவே விடவில்லை.

"நாலு மணி நேரம் கழிச்சு கட்டைப் பிரிங்க. வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத சோப்பு, விரல் நுனியால கழுவணும். தேய்க்கக் கூடாது, துணியால ஒத்தி எடுங்க. களிம்பு லேசா மினுக்கற அளவுக்குத்தான். தோசைக்கு ஊத்தற மாதிரி ஊத்தக் கூடாது. அஞ்சாம் நாள் பக்கு கட்டும். அரிக்கும். சொறியாதீங்க, உள்ளங்கையால தட்டிக்கலாம். பக்கைப் பிச்சா மையும் அதோட வந்துடும். தானா உதிரணும்."

"பாத்திரம் தேய்க்கலாமா டீச்சரு?"

"கூடாது."

"துணி தொவைக்கலாமா?"

"கூடாது."

"மாட்டுக்குத் தண்ணி காட்டலாமா?"

"வலது கையால காட்டுங்க."

"எம் புருசன நாலு அறை அறையலாமா?"

"அதுவும் வலது கையால."

கூடமே சிரித்தது. அக்கா தன் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அங்கே பழைய பச்சையில் ஒரு பெயர் மங்கிக் கிடந்தது. "இதுலதான்டி அவன் பேரு கீது. இத்தக் குத்தறப்ப இவ்ளோ சட்டம் இல்ல. மஞ்சளப் பூசி அனுப்பிட்டாங்க. சட்டமெல்லாம் அப்பால அவன் போட்டான்."

அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா. நான் அவளுக்கு டீச்சரு.

"ஜீவிதா," என்றார் நந்தகோபால் சார், "அந்தம்மா விழுந்தது வருத்தமான விஷயம். ஆஸ்பத்திரிச் செலவு நாமதான் பாத்தோம். ஆனா லீவுன்னு நீ கேக்கற பாரு, அதுதான் எனக்குச் சிரிப்பா இருக்கு. அந்த அறிக்கையை எழுதினது யாரு?"

"நான்தான்."

நான்தான். ஒரு காலத்தில் லைன் பெண்களுக்கும் இருபத்தொரு நாள் லீவு இருந்தது. வீட்டுக்குப் போய் ஆற்றிக்கொண்டு வர வேண்டும். நூறு பேர் போனால் முப்பத்தெட்டு பேர் சீழோடு திரும்பி வந்தார்கள். ஏன் என்று பார்க்க ஊர் ஊராகப் போனேன். ஆறாம் நாள் ஒருத்தி நாற்றங்காலில் முழங்கை வரை சேற்றோடு நின்றாள். இன்னொருத்தி கல்யாண வீட்டுப் பாத்திரங்களைக் குளத்தில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "லீவுலதானே இருக்கே" என்று மாமியார் அனுப்பி வைத்தாளாம்.

திரும்பி வந்து மூன்று பக்கம் எழுதினேன். பூச்சு லைன் ஓடும் நம் உலர் அறையில் தூசி இல்லை, வெயில் இல்லை, ஈரம் கிடையவே கிடையாது. புண் ஆற இதைவிடச் சுத்தமான இடம் இந்த மாவட்டத்திலேயே இல்லை. எனவே குத்திய மூன்றாம் நாளே அவர்களை வேலைக்கு வரச் சொல்லி, மூன்று வேளையும் நாமே களிம்பு பூசிவிட்டால் தொற்று குறையும். அப்படியே குறைந்தது. முப்பத்தெட்டு மூன்றானது. கேடயம் கொடுத்தார்கள். அலுவலகக் கட்டடத்தில் என் படத்தை மாட்டினார்கள், லைன் பெண்கள் வராத பக்கம்.

எங்கள் குடும்பத்தில் அறிக்கை என்று ஒன்றை எழுதிய முதல் ஆள் நான். முதல் அறிக்கையே அதுதான்.

நான் தோலைப் பார்த்தேன். பக்கைப் பார்த்தேன், சீழைப் பார்த்தேன். அந்த இருபத்தொரு நாளும் மை என்ன பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அக்கா விழுந்தது ஒரு மாலை ஆறே காலுக்கு. நாக்கு ஒட்டுகிறது என்று சொல்லித் தண்ணீர் குடிக்க வெளியே வரப் பார்த்திருக்கிறாள். உலர் அறைக்குள் தண்ணீர் கொண்டுபோக முடியாது. தலை முதல் கால் வரை மூடிய உடுப்பைக் கழற்றி மாட்டவே இருபது நிமிடம் ஆகும் என்பதால் பெண்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கண்ணாடியில் கையைக் காட்டினாள். 'சீர்.' சீர் என்று வந்தவள் இடைவேளைக்கு முன்பு வெளியே போனால் மேற்பார்வையாளர் கேள்வி கேட்பார். திரும்பிப் போய் நின்றாள். பத்து நிமிடத்தில் உருளைக்குப் பக்கத்தில் சரிந்தாள். சிறுநீரகம் பாதி நின்றுபோயிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் டாக்டர் பெனிட்டாவைப் பிடித்துக் கேட்டேன்.

"மை எப்படி டாக்டர் சீர்னு சொல்லும்?"

"இருபத்தொரு நாள் எதுக்குன்னு நினைச்சே? தோல் ரெண்டு வாரத்துல ஆறிடும்."

"பின்ன எதுக்கு?"

"அந்த நாள்லதான் மை உடம்பைக் கத்துக்குது. பூஜ்யம் பிடிக்குதுன்னு நாங்க சொல்லுவோம். அந்த இருபத்தொரு நாள் உடம்பு எப்படி இருக்கோ, அதுதான் இவங்க சாதாரண நிலைன்னு எடுத்துக்கும். அதுக்கப்புறம் எல்லாத்தையும் அங்கேருந்துதான் அளக்கும். ஆபீசருங்க கெஸ்ட் ஹவுஸ்ல படுத்து ஆத்திக்கறாங்க. அவங்க பூஜ்யம் ஓய்வுல பிடிக்குது. லைன்ல நின்னு ஆறினவங்களுக்கு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று, தண்ணீர் குடிக்காமல், கால் வீங்கிய ஒரு உடம்பைத்தான் 'ஒன்றுமில்லாத நிலை' என்று மை எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் எவ்வளவு களைத்தால்தான் சோர்வு என்று சொல்லும்?

"திரும்ப அழிச்சு கத்துக்க வைக்க முடியாதா?"

"இருபத்தொண்ணாம் நாள் மூடிக்கும். வேற இடத்துல புதுசா குத்தினாதான் உண்டு."

"இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"கேக்கணும்னு எனக்குத் தெரியாதே டாக்டர்."

"உன் அறிக்கை என்கிட்ட வந்தப்ப மேல எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. நானும் போட்டேன்."

நாலாம் நாள் அக்காவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். வார்டில் வைத்துக் கைக்கண்ணாடியால் அவள் மையைப் பார்த்தேன். முதல் முறையாகச் 'சீர்' வரவில்லை. 'மாறுபாடு, கவனிக்கவும்' என்று வந்தது. கட்டிலில் படுத்து, வயிறாரச் சாப்பிட்டு, ஒன்பது மணி நேரம் தூங்கிய உடம்பைப் பார்த்து மை கலங்கிப்போயிருந்தது.

"இன்னாடி சொல்லுது?"

"நீங்க ஓய்வா இருக்கறது அதுக்குப் புரியலையாம்."

அக்கா விலா வலிக்கச் சிரித்தாள். "மூணு பெத்தேன். மூணுக்கும் சேத்து இத்தினி நாளு படுத்ததில்ல. அது பயந்துகிச்சி, பாவம்."

நான் சிரிக்கவில்லை. அறிக்கையை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். அவள் ஸ்பூனை என் கையில் கொடுத்து, "நீ துன்னியா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரத்தில்தான் எனக்கும் பச்சை குத்தினார்கள். பராமரிப்புப் பிரிவு ஆட்களுக்கும் இனி மை கட்டாயம் என்று உத்தரவு. எனக்கு கெஸ்ட் ஹவுஸ் கிரேடு இல்லை. பகலில் ஆலை, சாயந்திரம் ஆஸ்பத்திரி. இடையில் ஒவ்வொரு மேசையாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்டேன், ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. "உனக்கெதுக்கும்மா இது" என்றார் ஒருவர். "படிச்ச பொண்ணு, முன்னேற வழியப் பாரு" என்றார் இன்னொருவர். மண்டியிலிருந்து அம்மா போன் பண்ணி அழுதாள். இருபத்தொரு நாளும் பல்லைக் கடித்தபடியே தூங்கினேன், தாடை வலியோடு எழுந்தேன்.

பச்சையை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றைக்கூட மீறவில்லை. அஞ்சாம் நாள் பக்கு கட்டியது. ஏழாம் நாள் மீன் செதில் மாதிரி உரிய ஆரம்பித்தது. அரிப்பு உயிரை எடுத்தபோது உள்ளங்கையால் தட்டினேன். துப்பட்டாவைச் சுற்றி வெயில் படாமல் காத்தேன். நேற்று இருபத்தொன்றாம் நாள். பச்சை குத்தியவர் பார்த்துவிட்டு, பாடப் புத்தகத்தில் போடலாம் போல ஆறியிருக்கிறது என்றார்.

அதே நேற்றுதான் அக்காவுக்குத் தகுதிச் சான்று வந்தது. வீட்டுக்குப் போய்ப் பழையபடி வேலை செய்ய ஆரம்பித்ததும் மை மறுபடி 'சீர்' என்கிறது, இன்று மதிய ஷிஃப்ட்டுக்கு வரலாம்.

"நான்தான் எழுதினேன் சார்," என்றேன். "தப்பா எழுதினேன். அதனாலதான் வந்திருக்கேன்."

"தப்பில்லையே. நீ எழுதினது நூத்துக்கு நூறு உண்மை. லீவு குடுத்தா இவங்க படுத்திருப்பாங்களா? வீட்டுக்குப் போயி நாத்து நடுவாங்க, மாடு மேய்ப்பாங்க. பூஜ்யம் அங்கயும் இதே இடத்துலதான் பிடிக்கும். வீட்டுல ஓய்வு இல்லன்னா அதுக்கு கம்பெனி என்ன பண்ணும்?"

இதை அவர் சரியாகச் சொன்னார். பொய்யே இல்லாத வாதம். எட்டு நாள் இந்த வாதத்தோடுதான் நான் மல்லுக்கு நின்றேன்.

"அதனாலதான் வீட்டு லீவு கேக்கல. கெஸ்ட் ஹவுஸ் கேட்டேன்."

"அது ஆபீசர் கிரேடுக்கு."

"சிறுநீரகத்துக்கு கிரேடு உண்டா சார்?"

"பேச்சைக் குறை. ஒருத்திக்குக் குடுத்தா எண்ணூறு பேரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்களுக்கும் குடுக்கணும்."

"லைன் ஓடணுமா வேண்டாமா?"

"உங்களுக்கு நாலு மணிக்கு 'சோர்வு' வருது, நீங்க கிளம்பிடறீங்க. வாசல்ல இருக்கற வாட்ச்மேன் கடிகாரம் பாக்கறதில்ல சார். உங்க கார் போறதப் பாத்துதான் டீ சொல்றான். லைன் ஓடிட்டுதானே இருக்கு."

டாக்டர் பெனிட்டா இருமினார். அது இருமல்தானா என்று எனக்குச் சந்தேகம்.

நந்தகோபால் சார் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் மை காட்டிக்கொடுத்துவிடும், மேலிடத்துக்குப் போகும். அதனால் பழகிவிட்டார். மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். தேசம்மா அக்காவின் பராமரிப்பு அட்டை. இருபத்தொரு கட்டங்களிலும் என் கையெழுத்து. கடைசியில் 'குறிப்பு' என்ற இடம் காலியாக இருந்தது.

"இதுல ஒரு வரி எழுது. 'பக்கு உரியும்போது பிய்த்துவிட்டார்.' அவ்வளவுதான். மை கெட்டுப்போனதுன்னு ஆயிடும். கெட்டுப்போனா புதுசா குத்திக் குடுக்கறது நம்ம கடமை. நீ கேட்டதுல பாதி நடந்துடும்."

"குத்தின மூணாம் நாள் திரும்ப லைன்ல நிப்பாங்க."

"அது விதி. அப்புறம் உன் பதவி உயர்வு ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு. ஆபீசர் கிரேடு. உனக்கும் புதுசா குத்திடலாம், கெஸ்ட் ஹவுஸ்ல. நாலாம் நம்பர் ரூம் ஏரியைப் பாத்த மாதிரி இருக்கும்."

அட்டையைப் பார்த்தேன். அக்கா ஒரு நாள்கூடச் சொறியவில்லை. பன்னிரண்டாம் நாள் அரிப்பு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வர நின்றவள், "நீ கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தியே, அத்த வீணடிக்கக் கூடாதுன்னு இருக்கேன்" என்றாள். அவள் அத்தனை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதால்தான் பூஜ்யம் அத்தனை கச்சிதமாகத் தப்பான இடத்தில் பிடித்தது.

"எழுத மாட்டேன்," என்றேன். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தேன். "இது புகார். தேசம்மா அக்காவோட தகுதிச் சான்றை ரத்து பண்ணணும், உலர் அறையில ஆற வைக்கறத நிறுத்தணும். பதிவுல ஏத்துங்க."

அவர் முதல் முறையாகச் சிரித்தார். மேசை ஓரத்தில் இருந்த சின்னக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார்.

"விதி தெரியும்ல? புகார் குடுக்கறவங்க அமைதியா இருக்கணும். கோபத்துல வர்றது புகார் இல்ல, கத்தல். மை கொந்தளிப்புன்னு காட்டினா பதிவாகாது. நாளைக்கு வா, நிதானமா வா."

விதி தெரியும். ஆலை தொடங்கி இரண்டு வருடத்தில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. மேற்பார்வையாளர் கை வைத்தான் என்று வந்தவளும், கர்ப்பத்தோடு நிற்க வைத்தார்கள் என்று வந்தவளும் இந்தக் கண்ணாடியின் முன்னால் நடுங்கிக்கொண்டேதான் கையை நீட்டினார்கள். கண்ணாடி 'கொந்தளிப்பு' என்றது. நிதானமாக வா என்று அனுப்பினார்கள். நிதானமானபோது அவர்கள் வரவில்லை.

"கையைக் காட்டு," என்றார்.

காதுக்குள் ரத்தம் இடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. இந்த நிமிடம் அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்க ஒருவர் உதவினால் போதும் என்று இருந்தது. கையை நீட்டினேன்.

'அமைதி.'

அவர் கண்ணாடியைப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்தார். "இன்னொரு தடவை."

'அமைதி.'

டாக்டர் பெனிட்டா எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து, மையின் மேல் கட்டைவிரலை வைத்தார். பிறகு மணிக்கட்டில் நாடி பார்த்தார், பழைய டாக்டர்கள் மாதிரி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"நூத்தி இருபத்தாறு," என்றார். பிறகு மெதுவாக, "உனக்கு எப்பக் குத்தினாங்க?"

"அக்கா விழுந்த வாரம்."

"ஆறின நாளெல்லாம்?"

"இப்படித்தான் இருந்தேன் டாக்டர்."

அவர் புரிந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கும் புரிந்தது. இருபத்தொரு நாளும் மை என்னிடம் கற்றுக்கொண்டது கோபம் ஒன்றைத்தான். கடித்த பல்லும் இடிக்கும் நெஞ்சும் இந்தப் பெண்ணின் சாதாரண நிலை என்று எழுதி மூடிவிட்டது.

"இவ பூஜ்யம் அங்க பிடிச்சிருக்கு," என்றார் டாக்டர், நந்தகோபால் சாரிடம். "இவளுக்குக் கோபம்தான் அமைதி."

"அப்படின்னா மை தப்பாக் காட்டுது."

என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"அதை எழுதிக் குடுங்க சார்," என்றேன். "மை தப்பாக் காட்டும்னு. அப்ப தேசம்மா அக்காவோட சீரும் தப்பு. எண்ணூறு பேரோட சீரும் தப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு வாங்கின அனுமதியும் தப்பு. இல்ல, மை சரின்னா நான் அமைதியா இருக்கேன். புகாரை ஏத்துங்க. எது வேணும்?"

அவர் டாக்டரைப் பார்த்தார். நானும் டாக்டரைப் பார்த்தேன்.

"டாக்டர், அன்னிக்கு நான் கேக்கலன்னு சொன்னீங்க. இப்ப கேக்கறேன். எது தப்பு?"

பெனிட்டா வெகு நேரம் என் கையை விடவில்லை. "மை சரியாத்தான் அளக்குது," என்றார் கடைசியில். "பூஜ்யம் தப்பு. உலர் அறையில ஆறின எல்லாருக்கும் தப்பு."

"டாக்டர், நீங்க யோசிச்சுப் பேசுங்க," என்றார் நந்தகோபால் சார்.

"ஒரு வருஷமா யோசிச்சுட்டுதான் இருக்கேன்." என் புகாரின் இரண்டாம் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பெனிட்டா தான் சொன்ன அதே வாக்கியங்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியின் கீழே வைத்தார். கண்ணாடிக்கு யார் எந்தக் கிரேடு என்று பார்க்கத் தெரியாது. அமைதியாக ஒருத்தி நிற்கிறாள், தாள் இருக்கிறது, அவ்வளவுதான். 'புகார் எண் 1. பதிவானது. நகல்: தொழிலாளர் ஆய்வாளர்.'

நந்தகோபால் சார் நாற்காலியில் சாய்ந்தார். குரல் மாறவில்லை.

"சரி. பதிவாயிடுச்சு. விசாரணைக்கு முப்பது நாள். அதுவரைக்கும் இருக்கற சான்றுதான் சான்று. ரெண்டு மணிக்கு அந்தம்மா லைன்ல நிக்கணும். நிக்கலன்னா வேலையை விட்டதா எடுத்துப்போம். உனக்கு வேணும்னா தாளு நிறைய இருக்கு, இன்னொண்ணு எழுது."

அவர் சொன்னதும் சரிதான். காகிதம் ஜெயித்தது, அக்கா ஜெயிக்கவில்லை. முப்பது நாள் அந்த உடம்பு தாங்காது.

சுவரில் மணி ஒன்று முப்பத்தைந்து.

என் கையைப் பார்த்தேன். அழகாக ஆறியிருந்தது. இனி எனக்குக் கோபம் என்று இந்தக் கை யாருக்கும் சொல்லப் போவதில்லை. என்றைக்காவது நான் நிம்மதியாகத் தூங்கினால் 'மாறுபாடு' என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடும். அதைப் பற்றிப் பிறகு வருத்தப்பட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, காலியான குறிப்போடு கிடந்த பராமரிப்பு அட்டையின் மேல் வைத்தேன்.

"எங்க போறே? உனக்கு ஷிஃப்ட் அஞ்சரை வரைக்கும்."

"பஸ் வர்ற நேரம் சார்."

"பஸ்ல ஏறிப் போகப் போறியா?"

"ஏறத்தான் போறேன். ஆனா போறதுக்கில்ல."

பி ஷிஃப்ட்டின் முதல் பஸ்ஸில் நாற்பது பேர் வருவார்கள். முன்வாசலுக்குப் பக்கத்தில், இரண்டாம் இருக்கையில் அக்கா இருப்பாள். யாரையும் இறங்க விடாமல் படியில் நிற்கப் போகிறேன். உலர் அறையில் ஆற வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகு பூஜ்யம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். பிறகு கேட்க வேண்டும், நாற்பது பேரும் இன்றைக்குக் கையை நீட்டாமல் உட்கார்ந்துகொண்டால் லைன் எத்தனை நிமிடம் ஓடும் என்று. திட்டுவார்கள். அக்காதான் முதலில் திட்டுவாள், அடிக்கவும் செய்வாள், வலது கையோ இடது கையோ பார்க்க மாட்டாள். அடித்து முடித்த பிறகு நகர்ந்து எனக்கு இடம் விடுவாளா என்று தெரியாது. விடாவிட்டாலும் படியில் நிற்பேன்.

பின்னால் நந்தகோபால் சார் யாருக்கோ போன் போடும் சத்தம் கேட்டது. கேட்டை மூடச் சொல்கிறார். நான் அதற்குள் மாடிப் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தேன்.